மூடிய சிறையும் பூட்டிய வீடும்: சுற்றுச்சூழல் ஆய்வு என்றால் என்ன?

எங்கள் தெருவில் கோடி வீட்டு ஆச்சியின் பேரன் அமெரிக்காவில் அல்பனியில் இருக்கிறான். நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் அது. மூடிய சிறை ஒன்றின் நிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்தலாம், அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுவதுதான் இப்போது அவனுக்கு வேலை. போன வாரம் வீடியோ காலில் இதைக் கேட்டதிலிருந்து ஆச்சிக்கு ஆறவில்லை. காரைக்குடியில் மனை, கட்டடம், அனுமதி என்று அலைபவன் நான் என்பதால் என்னிடம் வந்தார்.

“ஜெயில மூடியாச்சு, கைதியெல்லாம் போயாச்சு. கட்டடம் ஏற்கெனவே இருக்கு. அப்புறம் என்னப்பா சுத்துச்சூழல் கெடப்போகுது? இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாக?”

நல்ல கேள்வி. புதிதாக அனல் மின் நிலையம் கட்டினால் ஆய்வு வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிகிறது. இருக்கிற கட்டடத்தில் ஆள் மாறப்போவதற்கு எதற்கு?

ஆச்சியின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம். ஆச்சி இருப்பது பின்கட்டில் இரண்டு அறையில். மீதி எல்லாம் பூட்டு. வருஷத்தில் ஒரு கல்யாணம், ஒரு படைப்பு என்றால் நாலைந்து நாள் திறப்பார்கள். இருநூறு பேர் வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவார்கள். அப்புறம் மறுபடி பூட்டு. இந்த வீட்டை ஓட்டலாக்க ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். இருபது அறை, நீச்சல் குளம்.

கட்டடம் அதேதான். தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல் எதுவும் மாறாது. ஆனால் நாலு நாள் தண்ணீர் இறைத்த இடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இறைக்க வேண்டும். நாலு நாள் போன கழிவுநீர் தினமும் போகும். மாட்டுவண்டி திரும்பிய சந்தில் டூரிஸ்ட் பஸ் திரும்ப வேண்டும். கட்டடம் மாறாமல் பயன்பாடு மட்டும் மாறினாலும் ஊருக்கு வந்து சேரும் சுமை மாறுகிறது. அந்தச் சுமை எவ்வளவு, யார் தலையில் விழும், குறைக்க வழி உண்டா என்று முடிவெடுப்பதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வைப்பதுதான் சுற்றுச்சூழல் ஆய்வு. அது அனுமதிச் சீட்டும் இல்லை, தடை உத்தரவும் இல்லை. இந்த இரண்டில் ஒன்றாக அதை நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

சிறைகள் ஏன் மூடப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலச் சிறைகளில் 1999 வாக்கில் 72,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. 2011க்குப் பிறகு அந்த மாநிலம் இருபதுக்கும் மேற்பட்ட சிறைகளை மூடிவிட்டது. பல சிறைகள் சின்ன ஊர்களின் ஓரத்தில், நூற்றுக்கணக்கான ஏக்கரில் கிடக்கின்றன. சும்மா போட்டு வைத்தாலும் காவல், கூரைப் பழுது என்று செலவு. விற்கலாம், வாடகைக்கு விடலாம், இடிக்கலாம். எதைச் செய்வதானாலும் அது அரசின் முடிவு. அரசு முடிவு என்றதும் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது.

அந்தச் சட்டத்தின் தாய், அமெரிக்க மத்திய அரசு 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். அதைப் பார்த்து நியூயார்க் 1975இல் தனக்கென ஒன்று இயற்றிக்கொண்டது. சுருக்கப் பெயர் ‘சீக்ரா’. அதன் கருத்து எளிது: மாநில அரசோ, நகராட்சியோ, ஊராட்சியோ ஒரு திட்டத்துக்கு அனுமதி தருவதற்கும் பணம் தருவதற்கும் தானே செய்வதற்கும் முன்னால் சுற்றுச்சூழல் விளைவைப் பார்த்தாக வேண்டும்.

நடைமுறையைப் பேரன் சொன்னபடி சொல்கிறேன். ஒரு திட்டத்துக்குப் பத்து அலுவலகம் சம்பந்தப்பட்டிருக்கும். முதலில் அவற்றில் ஒன்றைப் பொறுப்பு அலுவலகமாக வைத்துக்கொள்கிறார்கள். பத்துப் பேர் பத்து அறிக்கை கேட்கக் கூடாது என்பதற்காக. அப்புறம் திட்டம் எந்த வகை என்று பார்க்கிறார்கள். கூரை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது போன்றவற்றுக்கு ஆய்வே வேண்டாம். பத்து ஏக்கர் நிலத்தைக் கிண்டிப் புரட்டுவது போன்றவை முதல் வகை. பெரிய பாதிப்பு இருக்கலாம் என்ற நினைப்போடுதான் அவற்றை எடுத்துக்கொள்வார்கள். நடுவில் மிச்சமெல்லாம். அடுத்தது ஒரு நீளமான கேள்விப் படிவம். மண் எப்படி, ஓடை இருக்கிறதா, எத்தனை வண்டி வரும், பக்கத்தில் பழமையான கட்டடம் உண்டா என்று போகும். அதை வைத்துப் ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்று எழுதினால் ஆய்வு அங்கேயே முடிந்தது. ‘இருக்கலாம்’ என்று எழுதினால் முழு அறிக்கை. எதை எதை ஆராய வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்து, வரைவு அறிக்கை போட்டு, குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைத்து, வந்த கருத்துகளுக்குப் பதிலும் எழுதி இறுதி அறிக்கை. கடைசியில், இதையெல்லாம் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம் என்று காரணத்தோடு ஒரு தாள். படிவம், கெடு, முத்திரை எல்லாம் எந்த நாட்டிலும் அலுப்புத்தான். அதை விடுவோம்.

எதோடு ஒப்பிடுவது?

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாதிப்பு என்பது தனியாக நிற்கிற ஒன்று இல்லை. எதோ ஒன்றோடு ஒப்பிட்டால்தான் அது கூடுதலா குறைவா என்று சொல்ல முடியும்.

ஒரு கணக்குப் போடுவோம்; எண்கள் நானே வைத்துக்கொண்டவை. ஆயிரம் கைதிகள் இருந்த சிறை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 லிட்டர் என்றால் மொத்தம் 4 லட்சம் லிட்டர். சிறை மூடியதும் அது பூஜ்யம். இப்போது அங்கே ஒரு தொழிற்கூடம் வருகிறது. அதற்கு 2 லட்சம் லிட்டர் வேண்டும். இது கூடுதலா, குறைவா? சிறை நிரம்பி இருந்த நாளோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்துவிட்டது. காலியாகக் கிடக்கும் இன்றைய நாளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத இடத்தில் 2 லட்சம் லிட்டர் முளைக்கிறது.

நிலத்தை வாங்குகிறவர் “அந்தக் காலத்தில் இதைவிட அதிகம் ஓடிச்சே” என்பார். பக்கத்து ஊர்க்காரர் “இப்ப ஓடலையே” என்பார். இரண்டும் உண்மை. சிறை மூடி ஆறு மாதம் என்றால் வாங்குகிறவர் பேச்சில் நியாயம் தெரிகிறது. குழாய், தொட்டி, சாலை எல்லாம் அந்த அளவுக்காகவே கட்டியவை. மூடிப் பத்து வருஷம் ஆகிவிட்டால் கதை வேறு. குழாய் துருப்பிடித்திருக்கும், மிச்சமான தண்ணீரை ஊர் வேறு வழியில் பயன்படுத்தப் பழகியிருக்கும், ஓடைக்கரையில் புதர் மண்டி அதில் குடியேறிய உயிர்கள் இருக்கும். அதனால் அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒப்பீட்டு நிலை எந்த வருஷம் என்பதைத்தான். கெட்டிக்காரத்தனம் செய்ய நினைப்பவர் அங்கேதான் செய்வார்.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கும் அறிக்கை பதில் சொல்லியாக வேண்டும். சும்மா விடுவது பாதிப்பே இல்லாத வழி என்று நாம் நினைக்கிறோம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூட்டிய வீட்டில் ஓடு ஒன்று நகர்ந்தால் போதும், ஒரு மழையில் உத்திரம் ஊறும், அடுத்த மழையில் கரையான் ஏறும், பத்தாம் வருஷம் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் நிற்கும். சிறையும் அப்படித்தான். பழைய எரிபொருள் தொட்டி மண்ணுக்கடியில் கசியும். உரிந்த பெயிண்ட் மண்ணில் விழும். அந்த ஊர்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. சிற்றூரின் கழிவுநீர் நிலையத்துக்குச் சிறைதான் மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்திருக்கும். அது போய்விட்டால் நிலையத்தை நடத்தும் செலவு மிச்சமிருக்கும் வீடுகளின் பில்லில் ஏறும். ஒரு முடிவின் சமூக, பொருளாதாரப் பக்கத்தையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று சீக்ரா சொல்கிறது.

சிறைக்குள் என்ன இருக்கும்?

பெரிய சிறை என்பது ஒரு சின்ன ஊர். சொந்தக் கொதிகலன் கூடம், சொந்தக் கழிவுநீர் நிலையம், சலவைக்கூடம், வண்டிப் பட்டறை, தச்சுக்கூடம், சில இடங்களில் பண்ணை. அதனால் அசுத்தங்களும் ஊரளவுக்கு இருக்கும். நீராவிக் குழாயைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ், சுவரில் ஈயம் கலந்த பெயிண்ட், பழைய டிரான்ஸ்ஃபார்மரில் நச்சு எண்ணெய், பட்டறைத் தரைக்கடியில் கிரீஸும் கரைப்பான்களும். காவலர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகிய மேட்டில் ஈயக்குண்டு. நிலக்கரிச் சாம்பல் கொட்டிய குழி. உறவினர் யாரும் வந்து வாங்காத கைதிகளைப் புதைத்த இடம்கூட உண்டு. சில இடங்களில் கல்லும் இல்லை, பெயரும் இல்லை, எண் மட்டும். நிலத்தைத் தோண்டுவதற்கு முன் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

நியூயார்க் நகரத்தின் ரைக்கர்ஸ் தீவுச் சிறை இன்னும் மூடவில்லை. மூடச் சட்டம் இருக்கிறது. நகரம் 1884இல் வாங்கியபோது அந்தத் தீவு நூறு ஏக்கருக்கும் குறைவு. குப்பையும் சாம்பலும் கொட்டிக் கொட்டியே 400 ஏக்கருக்கு மேல் ஆக்கினார்கள். மேலே சிறை, கீழே மக்கும் குப்பை, அதிலிருந்து கிளம்பும் மீத்தேன். அந்த நிலத்தில் அடுத்து என்ன வரலாம் என்று யோசிப்பவர் குப்பையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சூரிய மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்றவற்றுக்கு அதைத் திருப்பலாம் என்று நகரம் 2021இல் சட்டம் போட்டிருக்கிறது.

அப்புறம் வௌவால். சிரிக்காதீர்கள். ஆளில்லாத கட்டடத்திலும் அதைச் சுற்றி வளர்ந்த மரங்களிலும் வௌவால் சேரும். அமெரிக்காவில் சில வகைகள் அழியும் நிலையில் இருப்பதால், அவை மரத்தில் தங்காத குளிர்காலத்தில்தான் மரம் வெட்டலாம் என்று நிபந்தனை போடுவது வழக்கம். ஒரு வௌவாலுக்காக வேலையை ஆறு மாதம் தள்ளிப்போடுவதா என்று பேரனின் மேலதிகாரிகளே அலுத்துக்கொள்வார்களாம். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்கள் அவை.

நினைவும் ஆய்வுக்குள் வரும். சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்குள் மண், நீர், காற்று மட்டுமல்ல; வரலாற்றுக் கட்டடம், ஊரின் தன்மை, போக்குவரத்து, சத்தம் எல்லாவற்றையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. சிறையை எங்கள் பக்கத்தில் நினைத்தால் தேவகோட்டைக்குத் தென்கிழக்கே திருவாடானைதான் ஞாபகம் வரும். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ நாட்களில் விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைப் பிடித்து அங்கே அடைத்து வைத்தார்கள். பெருங்கூட்டம் திரண்டு போய்ச் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தது. அப்படி ஒரு சுவர் ஓர் ஊரில் நின்றால் அதன் மதிப்பைச் சதுர அடி விலையில் மட்டும் போட முடியாது.

மாற்றிக் காட்டியவர்கள்

வாஷிங்டன் நகரத்துக்கென்று வர்ஜீனியாவில் லார்ட்டன் என்ற இடத்தில் ஒரு சிறை வளாகம் இருந்தது. 1910இல் தொடங்கியது. ஆக்கோக்வான் ஆற்றங்கரைக் களிமண்ணில் கைதிகளே செங்கல் அறுத்துச் சுட்டுக் கட்டிய கட்டடங்கள். ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்களை 1917இல் அடைத்ததும் அங்கேதான். 2001இல் மூடினார்கள். மறு வருஷம் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) சுமார் 2,300 ஏக்கரை வாங்கியது. ஒரு பகுதி 2008இல் கலை மையமாகத் திறந்தது. சில கூடங்கள் குடியிருப்பாகின. பெரும்பரப்பு பூங்காவும் பள்ளிகளுமாக இருக்கிறது. ஒரே நிலத்தைப் பல பயனுக்குப் பிரித்ததால் ஒவ்வொன்றின் சுமையும் தாங்குகிற அளவில் வந்தது என்று நான் நினைக்கிறேன். ஒரே பெரிய மாலாக ஆக்கியிருந்தால் அந்தச் சாலைகள் என்ன ஆகியிருக்கும்?

பாஸ்டனில் 1851இல் கட்டிய சார்ல்ஸ் தெருச் சிறை 1990இல் மூடி, 2007இல் ஆடம்பர ஓட்டலாகத் திறந்தது. நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்து ஹிஜ்லி தடுப்பு முகாம்தான் 1951இல் கரக்பூர் ஐ.ஐ.டி.க்கு முதல் இருப்பிடம். பெங்களூரின் பழைய மத்தியச் சிறை 2008இல் ஃப்ரீடம் பார்க் ஆனது. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் 1837 முதல் நின்ற மத்தியச் சிறையைப் புழலுக்கு 2006இல் மாற்றிவிட்டு, 2009இல் பழைய கட்டடத்தை இடித்தார்கள். இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. இடித்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு சுவரில் வெந்த செங்கல்லும் சுண்ணாம்பும் ஏற்கெனவே எரித்த விறகின் கணக்கு. இடித்தால் அந்தக் கணக்கு வீண், இடிபாடு கொட்ட இடம் வேண்டும், புதிதாகக் கட்ட மறுபடி எரிக்க வேண்டும். ஆனால் நகர நடுவில் ஆஸ்பத்திரிக்கு இடமே இல்லை என்ற வாதமும் லேசானது இல்லை.

வரப்போவது யார் என்றே தெரியாவிட்டால்?

ஓட்டல் என்றால் அறைகளை எண்ணலாம். சிறை நிலத்தை விற்கும்போது யார் வாங்குவார், சினிமா ஸ்டூடியோவா, குடியிருப்பா, கிட்டங்கியா என்று தெரியாது. தெரியாததை எப்படி ஆராய்வது? இதற்கு நியூயார்க்கில் பொது மதிப்பீடு என்று ஒரு வழி உண்டு. நாலைந்து விதமான பயன்பாட்டைக் கற்பனை செய்து, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வண்டி, ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர், இத்தனை அடி உயரம் வரை இந்த நிலம் தாங்கும் என்று வரம்பு குறித்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர் வரம்புக்குள் இருந்தால் பெரிய ஆய்வு வேண்டாம். தாண்டினால், தாண்டிய விஷயத்துக்கு மட்டும் கூடுதல் ஆய்வு. பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்தில் எத்தனை இலை போடலாம் என்று எண்ணி வைத்துக்கொள்கிற மாதிரி.

இதோடு ஒட்டிய விதி, திட்டத்தைக் கூறுபோடக் கூடாது என்பது. நூறு வீடு கட்டப்போகிறவர் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சின்னதுதானே என்று காட்டக்கூடாது. சேர்ந்து வரப்போவதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கணக்கு வேறு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14இல் வந்த அறிவிக்கைப்படி, கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பைத் தொட்டால்தான் முன் அனுமதி வேண்டும். சதுர அடியில் சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம். அதைத் தருவது மாநில அளவிலான ஆணையம். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அவசியமில்லை என்றும் அதே அறிவிக்கை விலக்கு கொடுத்திருக்கிறது. நியூயார்க்கில் ‘அரசு முடிவெடுக்கிறதா’ என்பது முதல் கேள்வி. இங்கே ‘எத்தனை சதுர மீட்டர்’ என்பது முதல் கேள்வி. அதனால் எங்கள் பக்கத்துத் தாலுகா ஊர் ஒன்றில் கிளைச்சிறையை மூடி லைப்ரரியோ லாட்ஜோ ஆக்கினால் இந்த அறிவிக்கை எட்டிக்கூடப் பார்க்காது. கட்டட அனுமதியோடு முடிந்தது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலும் ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் எங்கே வரும் என்று கேட்காது. சட்டம் கேட்காவிட்டால் நாமே கேட்டுக்கொள்ளக் கூடாதா என்பதுதான் என் கட்சி.

இவ்வளவையும் ஆச்சியிடம் இரண்டு சாயங்காலமாகச் சொன்னேன். பாதி கேட்டார், பாதி டி.வி. பார்த்தார். நேற்றுக் காலையில் கூப்பிட்டனுப்பினார். ஓட்டல்காரர் கொடுத்துவிட்டுப் போன வரைபடம் அவர் கையில்.

“கக்கூசுத் தண்ணி எங்க இறங்குதுன்னு இதுல பாருப்பா.”

பார்த்தேன். இரண்டாம் கட்டுக்குப் பின்னால், பழைய மாட்டுக்கொட்டகை இருந்த மூலையில் உறிஞ்சுகுழி. கிணறு எந்த இடம் என்று வரைபடத்தில் குறிக்கவே இல்லை. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 18 மீட்டராவது வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதைச் சொன்னதும் ஆச்சி கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுக்கொட்டகை மூலையிலிருந்து கிணற்றடி வரை எண்ணிக்கொண்டே நடந்தார். இருபத்து மூன்று எட்டு. ஆச்சியின் எட்டு எனக்குத் தெரியும். இரண்டு போட்டால்தான் ஒரு மீட்டர்.

“பேரன்கிட்டச் சொல்லட்டா?” என்றேன்.

“அவன் தூங்குவான். டேப்பு எடுத்துட்டு வா, சரியா அளந்துருவோம்.”